கேட்கக் கூடாத மஞ்சள்

திறந்த அலமாரியின் முன் நின்ற ஜ்யோத்ஸ்னாவின் முதுகுக்குப் பின்னால் ஹம்சா அத்தை மறுபடியும் குரல் கொடுத்தாள்.

"ஜல்தி, ஜல்தி. ஸ்நானம் பண்ணி வச்சாச்சு. அந்த அரக்குப் பட்டை எடுடீ. உங்கம்மா சுமங்கலியாப் போயிருக்கா, இதுல என்ன யோசனை?"

அரக்குப் பட்டு மேல்தட்டில் இருந்தது. அதன்கீழே, தனியாக, மஞ்சள் புடவை. கிளிப்பச்சைக் கரை போட்ட, கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.

அம்மா டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை ஒளிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் பூங்காவில் எல்லாப் பெண்களிடமும் அறிவித்தாள்: "மனசு சரியில்லாத அன்னிக்கு இந்த மஞ்சளைத்தான் கட்டிப்பேன். என்ன ஆச்சுன்னு கேக்காதீங்கோ. பக்கத்துல வந்து உக்காந்துக்கோங்கோ, போதும்." இவ்வளவு பளிச்சென்றா என்று யாரோ சிரித்ததற்கு, "மங்கலா இருந்தா யார் திரும்பிப் பார்க்கறா?" என்றாளாம்.

புனேயிலிருந்து வரும் வழியெல்லாம் ஜ்யோத்ஸ்னாவுக்கு ஒரே கேள்வி. இன்று அம்மா எதைக் கட்டியிருந்தாள்? வந்து பார்த்தால் நைட்டியில் கிடத்தியிருந்தார்கள். குளிக்கப் போவதற்குள் இதயம் நின்றுவிட்டதாம். புடவை எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. நல்ல நாளா, மஞ்சள் நாளா? தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

கதவருகே சலசலப்பு. வடக்கத்தி வழக்கப்படி வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்களைத் தாண்டி, மாடி வீட்டு மாதுரி ஆரஞ்சு நிறக் குர்த்தாவில் உள்ளே வந்தாள்.

"யாருடீ இது? சாவு வீட்டுக்கு ஹோலி ஆட வந்தாப்ல?" அத்தை கிசுகிசுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"சாரி மாமி." மாதுரி தமிழைத் தேடித்தேடிப் பேசினாள். "வைதேஹி ஆண்ட்டிதான் இதை வாங்கிக் குடுத்தா. எனக்கு மனசு கராப்... சரியில்லைன்னா போட்டுக்கச் சொல்லி. இன்னிக்கு வேற எதுவும் போட முடியலை."

போர்த்தியிருந்த உடலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜ்யோத்ஸ்னா குனிந்து கேட்டாள்.

"அம்மாவைக் கடைசியா எப்பப் பார்த்தே?"

"நேத்து. நீலப் புடவை. சிரிச்சா."

"அப்ப நன்னாத்தான் இருந்திருக்கா."

"தெரியலை தீதி. மஞ்சள் கட்டிக்கக்கூட எழுந்திருக்க முடியாத நாளும் உண்டு. அன்னிக்கு நைட்டியிலயே இருந்துடுவா."

ஜ்யோத்ஸ்னா இரண்டு புடவைகளையும் உருவிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அப்பா சேஷன் குளித்து வேட்டியோடு நின்றிருந்தார்.

"அப்பா, காலைல அம்மா எப்படி இருந்தா?"

"காபி குடுத்தா."

"அதில்லப்பா. மூஞ்சி எப்படி இருந்தது? ஏதாவது சொன்னாளா?"

"நான் கேக்கலை." அவர் கீழே நின்ற சவ வண்டியைப் பார்த்தார். "கேக்கக் கூடாதுன்னு அவதானே சொல்லியிருந்தா. மஞ்சள் கட்டிண்டா பக்கத்துல போய் உக்காருவேன். பேப்பரோட. ஒரு நாள்கூடக் கேட்டதில்லை."

அது பெருமையா குற்றமா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை போலும்.

"அது தப்பா, ஜ்யோ?"

புடவைகளை நீட்டினாள். "எதுன்னு நீங்களே சொல்லுங்கோ."

அவர் இரண்டையும் பார்த்தார். எதையும் தொடவில்லை. உள்ளே வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மாதுரிக்கு எதிர்ப்பக்கம், தரையில் ஒரு கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தார். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் கேட்பதுபோல, சாதாரணக் குரலில் கேட்டார்.

"வைதேஹி, இன்னிக்கு எப்படி இருக்கே?"

அம்மாவின் ஈரக் கூந்தலிலிருந்து வடிந்த நீர் தரையில் மெல்ல ஓடி, அவருடைய வேட்டி ஓரத்தைத் தொட்டது. அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.