விளக்குக்காரரின் கொட்டாவி

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. நாடக அரங்கில் எனக்குப் பின்னால், விளக்குகளை இயக்கும் கூண்டிலிருந்து வந்தது அது. எழுதியே தீர்வது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

முதல் தொடக்கம்: 'மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை விரித்து...' வேண்டாம். நான் தூங்கவைக்க வேண்டியது கதாநாயகரை, உங்களை அல்ல.

2

விளக்குக்காரருக்கு எழுபது நெருங்குகிறது. மனைவி அதே குழுவின் மூத்த நடிகை. கடைசிக் காட்சியில் அவள் நாற்காலியை விட்டு எழும்போது வெளிச்சமும் கூடவே மெல்ல ஏறவேண்டும். அதை வேறு யார் கையிலும் அவள் நம்பிக் கொடுத்ததில்லை.

போன வாரம் அவள் எழுந்தாள்; வெளிச்சம் எழவில்லை. கூண்டில் மனிதர் நல்ல தூக்கம். அரையிருட்டிலேயே வசனத்தைப் பேசி முடித்தாள். புதுமை என்று நினைத்துக் கைதட்டினார்கள். (கைதட்டல் நான் சேர்த்தது. எனக்கும் ஈரமுண்டு.) இயக்குநர் தட்டவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கூண்டுக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

3

[கொஞ்சம் விஞ்ஞானம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்; எப்படியும் திரும்பி வருவீர்கள்.]

இருட்டத் தொடங்கியதும் மூளைக்குள் ஒரு சின்னச் சுரப்பி மெலடோனினைச் சுரந்து, இரவு வந்துவிட்டதென்று உடம்புக்குச் சொல்கிறது. வயதாக ஆக, பலருக்கு அந்தச் சுரப்பு குறைகிறது; வேளையும் முன்னால் நகர்கிறது. அந்தியிலேயே கண் சொருகும், விடியுமுன்பே விழிப்பு தட்டும். அவரைச் சோம்பேறி என்று திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

4

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சாயங்காலம் நல்ல வெளிச்சத்துல உக்காரணுமாம். அப்பத்தான் தூக்கம் கொஞ்சம் தள்ளிப் போகுமாம்."

"நீங்க உக்கார்றதே இருட்டுக் கூண்டு."

"என்ன பண்றது? இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் உன்மேலதானே போடுறேன்!"

அவள் சிரிக்கவில்லை. "எந்திரிங்க, போகலாம்" என்றாள்.

5

சாயங்காலம். பார்வையாளர்களுக்கு அரங்கத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. மேடை நாற்காலியில் அவர். கூண்டில் அவள், எந்த விசையைத் தள்ளுவதென்று தெரியாமல். மேடை செக்கச்செவேலென்று ஆகிறது.

"அது அஸ்தமனம்டி! இப்பவே தூக்கம் வருது!"

அடுத்தது பளீரென்ற வெள்ளை.

"கண்ணு கூசுது!"

"கூசட்டும். மூடாதீங்க."

வாழ்நாளில் முதல்முறையாக அவர்மேல் விளக்கு.

6

அன்றைக்கே நாடகம். கடைசிக் காட்சி. அவர் விழித்திருக்கும் முடிவு ஒன்று எழுதினேன், தூங்கிவிடும் முடிவு ஒன்று. இரண்டும் நன்றாகவே வந்திருந்தன, கிழித்துவிட்டேன்.

கூண்டில் அவர் பக்கத்தில் உங்களுக்கு ஓர் இடம் போட்டிருக்கிறேன். அவர் தோளைத் தொட்டுப் பாருங்கள். விழித்திருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சீக்கிரம். அவள் எழுந்துவிட்டாள்.