ஏழாம் எண்ணின் நடை

அந்த மனிதர் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அவருடைய செயற்கைக் கால் மட்டும் இன்னும் தினமும் முந்நூறு அடி நடந்துகொண்டிருந்தது.

ஆராய்ச்சியாளர் முதலில் கடிகாரத்தின் மேல்தான் பழி போட்டார். முழங்கால் மூட்டு மடங்கும் ஒவ்வொரு தடவையையும் உள்ளே இருக்கும் சில்லு எண்ணி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். தேதி பிசகியிருக்கலாம். திருகு முடுக்குகிறவன், அங்கே எல்லோருக்கும் அவன் திருப்புளி, தேதியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கடிகாரம் சரியாத்தான் இருக்கு சார். பேய்க்குக் கால் கிடையாதுன்னு சொல்வாங்க. அதான் நம்மகிட்ட ஒண்ணு வாங்கிக்கிச்சு போல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வில் பன்னிரண்டு பேர். விந்தாமல் நடந்தது இறந்துபோன அந்த ஏழாம் எண் ஒருவர்தான். அந்த நடையைப் பார்த்துத்தான் மற்ற பதினொரு மூட்டுகளும் எப்போது மடங்க வேண்டும் என்று இவர் திருத்தியமைத்தார். அதற்குப் பிறகு இரண்டே மாதத்தில் நான்கு பேர் விழுந்தார்கள். ஒரு ஆசிரியைக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அறிக்கையில் எழுதிவைத்தார்.

ஏழாம் எண்ணை அவர் நேரில் பார்த்தது காலைப் பொருத்திய அன்று ஒரே ஒரு முறை. அந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். பிறகு எண்கள் வந்தன. எண்கள் நன்றாக இருந்தால் ஆளைப் போய் யார் பார்க்கிறார்கள்?

பிற்பகலில் அந்த வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. மனைவி கதவைத் திறந்தாள்.

"காலை எடுத்துட்டுப் போக வந்தீங்களா சார்?"

"இல்லம்மா. யார் அதைப் போட்டுக்கிட்டு நடக்கறாங்க?"

"யாரு போடறது? எனக்குத்தான் ரெண்டும் இருக்கே."

உள் அறையில் கட்டில். சுவரோரம் மெத்தை இன்னும் ஆள் அளவுக்குக் குழிந்து கிடந்தது. பக்கத்தில் முக்காலி, முக்காலிக்கு முன்னால் கால். அவள் உட்கார்ந்து, தொடை நுழையும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். மூட்டு மடங்கியது. இழுத்தாள், நிமிர்ந்தது. திரையில் பார்த்து அவர் மெச்சிய அதே நடை.

"அவர் ஒரு நாள்கூட நடக்கலையா?"

"செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவர், படுத்தவர்தான். தினம் முந்நூறு அடிக்குக் குறைஞ்சா காலைத் திரும்ப வாங்கிக்குவோம்னு தாள்ல போட்டிருந்தீங்க. என்னைக்காவது எழுந்துக்குவாருன்னு நான் நடத்தினேன். ரெண்டு வருஷம்."

"இப்ப எதுக்கும்மா?"

"நாலு மணியானா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

காலின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அளக்கும் கருவியை, எடை கூடுகிறது என்று கழற்றச் சொன்னவர் அவரேதான். பாரமே ஏறாத கால் எப்படி விந்தும்?

"மத்தவங்க நல்லா நடக்கறாங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அறிக்கை அடுத்த வாரம் போகிறது. ஏழாம் எண் செத்தாயிற்று. கடிகாரக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

"விழறாங்கம்மா. உங்க கை நடந்த மாதிரி அவங்களை நடக்க வெச்சுட்டேன்."

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினால் தன் மனம் மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். அங்கேயே நின்றபடி திருப்புளியைப் போனில் கூப்பிட்டார்.

"பதினொரு பேருக்கும் போன் போடு. முதல்ல உக்காரச் சொல்லு, அப்புறம் அங்கிருந்தே மூட்டைப் பூட்டு. மடங்கக் கூடாது. ஊன்றுகோல் வெச்சுக்கச் சொல்லு."

"விளையாடறீங்களா? அறிக்கை என்ன ஆகுது? மூணு வருஷ வேலை சார்!"

"போச்சு. நானே எழுதிக் கொடுக்கறேன்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"சார்... ஏழு நடக்குது."

திரும்பிப் பார்த்தார். அவள் குழிந்த மெத்தையைப் பார்த்தபடி தள்ளிக்கொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"அதையும் பூட்டு" என்றார்.

மூட்டு விறைத்து நின்றது. அவள் இன்னொரு முறை தள்ளினாள். கால் மடங்காமல், கட்டையாகத் தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் போனது.

"நூத்தி எழுபத்தி ரெண்டு" என்றாள்.