சொல்லிக்கொடுக்காத வாக்கியம்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கள்ளிவேலி. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளை வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். இடத்தைத் தடியால் தொட்டுக் காட்டுவது உபதேசியாரான என் வேலை. கடத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் ஜெபம் சொல்வது, அடக்கம் நடத்துவது எல்லாம் நான். சாமியாருக்கு அடுத்தபடி சவுரியப்பன் என்று ஊரார் சொன்னார்கள். அந்த 'அடுத்தபடி'கூட எனக்கு உறுத்தியது.

சாகக்கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "வீடு வீடா போய் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்க, உபதேசியாரே" என்று சாமியார் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் "ஆகட்டும் சாமி" என்று தலையாட்டினேன். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் என் வாசலுக்கு எவன் வருவான்?

1965இல், கோயில் கூட்டும் மாதம்மாளுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளை ஜிப்பா இல்லாமல் நான் படியிறங்குவதில்லை. பெட்டியில் தேடி, மாட்டி, தலை வாரிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் மூச்சு அடங்கியிருந்தது. வேலிக்கு வெளியே இடம் காட்டினேன். நாற்பது நாள் கழித்து மாதம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அந்த வார்த்தைய எனக்குச் சொல்லிக் குடுங்க. ஊர்ல பிரசவத்துக்கெல்லாம் என்னத்தான் கூப்புடறாங்க. இன்னொரு புள்ளைக்காச்சும் ஒதவும்."

"தொடப்பம் புடிக்கிற கைக்கு அதெல்லாம் ஆவாது. நீ சொன்னா பாவம் வந்து சேரும்" என்றேன். சுத்தப் பொய். அவள் நம்பிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, உபதேசியார்களுக்குச் சேலத்தில் பதக்கம் கொடுப்பதாகக் கடிதம் வந்தது. புறப்பட வேண்டிய அன்று காலையில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் தெரசாவுக்கு இடுப்புவலி கண்டது. தாயில்லாப் பெண்.

"இன்னிக்குப் போவாதீங்கப்பா. பயமா இருக்குது."

"மாதம்மா கூட இருப்பா. பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்" என்று ஜிப்பாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திரும்பும்போது தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டிருந்தது. மூன்று மணி நேரம் பஸ் நகரவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள் விசாரித்தார்கள். சொல்லச் சொல்ல இனித்தது. மகளை நினைத்தேனா? இல்லை.

இருட்டும் நேரத்தில் வீடு வந்தேன். வாசலில் மாதம்மாள் நின்றிருந்தாள். கையில் சொம்பு, அது நிறையத் தண்ணீர்.

"பொண்ணு பொழச்சிக்கிச்சுங்க. கொழந்தைதான் போயிடுச்சு. அரை மணி நேரம் உசுரு இருந்துச்சுங்க. தண்ணி மொண்டுக்கிட்டு ஓடியாந்தேன். தெரசா பாப்பாவுக்கும் அந்த வார்த்தை தெரியல. நான் ஏதாச்சும் சொன்னா பாவம்னு நீங்க சொல்லியிருக்கீங்களே. அது அந்தப் பச்சப்புள்ள தலைல எறங்கிடப் போவுதுன்னு சொம்போட அப்படியே நின்னுட்டேனுங்க."

பெற்ற மகளுக்குக்கூட நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பேரனைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். இத்தனை வருடம் ஊராருக்கு இடம் காட்டியவனுக்கு எங்கே தோண்டுவதென்று தெரியவில்லை. மண்வெட்டியோடு பின்னால் வந்த மாதம்மாள், தன் மகனின் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் செத்தையை ஒதுக்கினாள்.

"இங்க வைங்க. ஒண்ணுக்கொண்ணு தொணையா இருக்கும்."

மண் தள்ளி மூடிய பிறகு அந்த வாக்கியத்தை அவளுக்குச் சொன்னேன். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு திருப்பிச் சொன்னாள். ஒரு மூச்சுக்குக்கூட நீளவில்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"நான் சொன்னா பாவமில்லீங்களே?"

பாவம் என்னுடையது, பொய் சொன்னேன், மன்னித்துவிடு என்று அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். வாய் வரை வந்தது.

"இனிமே சொல்லலாம்" என்றேன். "நான் அனுமதி குடுத்துட்டேன்."