தாரா சொன்ன அபிமானம்

கிடர்பூர் கிடங்கில் கிரேன் கம்பி அறுந்து, சரக்கு விழுந்து தாராவின் கணவன் செத்து ஆறு நாளாகியிருந்தது. கூட வேலை பார்த்த நாற்பது பேர் கிடங்கு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நைந்த கம்பியில் சரக்கு ஏற்றச் சொன்னது யார் என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். கம்பெனியின் பெயர் தினமும் பத்திரிகையில் நாறியது. அதைக் கழுவித் துடைக்கும் வேலை சாய்பிரியாவின் அலுவலகத்துக்கு வந்தது. பத்திரிகைகளில் நல்ல செய்தி வரவைப்பதுதான் அவர்கள் பிழைப்பு.

"செத்தவர் சம்சாரத்துக்கிட்ட ஒரு நல்ல வார்த்தை வாங்கிண்டு வா. அது போதும்" என்றார் மேலதிகாரி லக்ஷ்மிநாராயணன்.

சாய்பிரியா மதுரையிலிருந்து வங்காளத்துக்கு வந்து எட்டு மாதம். அவளுடைய பெங்காலி லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும், அதற்கு மேல் நொண்டும். கிடங்கு வாசலில் உட்கார்ந்து, கணவன் அங்கே உழைத்த இருபது வருஷக் கதையைத் தாரா சொன்னபோது, பாதிக்கு வெறுமனே தலையாட்டினாள். கடைசியில் தாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி மேல் தனக்கு ரொம்ப 'அபிமான்' என்றாள். சாய்பிரியாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நம் ஊர் வார்த்தை, இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

'கணவரை இழந்தும் நிறுவனத்தின் மீது பேரன்பு' என்று எழுதி, பேச்சின் பதிவையும் சேர்த்து லக்ஷ்மிநாராயணனுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை பதினோரு பத்திரிகைகளில் வந்தது.

தாராவிடம் காட்டலாம் என்று ஒரு பிரதியோடு கிளம்பிப் போனாள். கிடங்கு வாசலில் அந்த நாற்பது பேரில் ஒருவரும் இல்லை. தாரா மட்டும் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"பேப்பரைப் பார்த்துட்டு, நான் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டேன்னு காறித் துப்பிட்டுப் போயிட்டாங்க" என்று தாரா பெங்காலியில், இவளுக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். "நம்மவங்கன்னு நம்பினவங்க கைவிட்டா மனசு நோகுமே, அதுதான் அபிமான். எழுதினது நீ. நீயே மாத்தி எழுது."

சாய்பிரியாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. நேரே லக்ஷ்மிநாராயணன் முன்னால் போய் நின்று, வார்த்தை புரியாமல் செய்த தப்பைச் சொன்னாள்.

"அந்தப் பதிவை அன்னிக்கே முழுசாக் கேட்டேன். நான் பொறந்து வளர்ந்தது இங்கதாம்மா. எனக்கா அபிமான் தெரியாது?"

"அப்புறம் ஏன் சார் பத்திரிகைகளுக்கு அனுப்பினீங்க?"

"நீ நம்பி எழுதியிருந்தே. தெரிஞ்சு எழுதியிருந்தா இவ்வளவு நன்னா வந்திருக்காது."

வேலை போனால் போகட்டும் என்று அவளே பதினோரு பத்திரிகைகளுக்கும் போன் செய்தாள். வாசலில்தான் ஆளே இல்லையே, இனி இதில் என்ன செய்தி என்று பத்துப் பேர் வைத்துவிட்டார்கள். பதினோராவது ஆள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, தாரா என்பது யார் என்று கேட்டான்.