லேட் சின்னபொண்ணு

1

டமால்!

திண்டிவனம் தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. இந்தக் கதையும் அங்கேதான் பிறந்தது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். பக்கத்தில் ஒரு பெண் போனில், "நீங்க உயிரோட இருக்கீங்களாங்க?" என்று பணிவாகக் கேட்டாள். எழுதிப் பிழைக்கிறவன் காதை மூடிக்கொள்ள முடியுமா? (மீதியில் பாதி அவளே சொன்னது, பாதி என் கைச்சரக்கு.)

2

போனில் பேசிய அந்தப் பெண் ஆர்த்தி, விழுப்புரத்தில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையின் நிருபர். மாலைச் சூரியன் அவள் முகத்தில்... (வேண்டாம். நிருபருக்கு எதற்குச் சூரியன்?)

திண்டிவனத்தில் நிருபர்களுக்குப் பயிற்சி வகுப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய அரசுப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் சலித்து எடுப்பது எப்படி என்று பிரபாவதி மேடம் சொல்லிக்கொடுத்தார். கெடார் பக்கத்து ஏரி வேலையின் வருகைப் பட்டியலை ஆர்த்தி சலித்தாள். பல பெயர்களுக்கு நேரே ‘லேட்’ என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் போடுவார்களே, அந்த லேட். அதாவது, செத்தவர்கள் தினமும் வந்து மண் வெட்டுகிறார்கள், கூலியை யாரோ விழுங்குகிறார்கள்.

செய்தி வந்தால் ஏரி வேலைக்குப் பொறுப்பாளரான ஜெசிந்தாவின் வேலை போகும். ஆர்த்திக்கு முதல் பக்கம் கிடைக்கும். பத்திரிகை ஆசிரியர் விருத்தாசலம் போனிலேயே தலைப்பு வைத்துவிட்டார்: ‘ஏரி வெட்டும் பேய்கள்’.

"ஜல்தி அனுப்பும்மா, அச்சுக்குப் போவணும்."

பிரபாவதிதான் குறுக்கே விழுந்தார். "ஒருத்தருக்காவது போன் பண்ணியா?"

"செத்தவங்களுக்கா மேடம்?"

"அவங்க வூட்டுக்கு. என்னிக்குச் செத்தாங்கன்னு தேதி வேணாமா?"

3

இங்கே எனக்கு ஒரு தயக்கம். ஆர்த்தி இவ்வளவு வெகுளியா? முதலில் எழுதிய முடிவில் போனே பண்ணாமல் செய்தியை அனுப்பிவிட்டாள். ஜெசிந்தா வேலையை இழந்து... அடித்துவிட்டேன். அடுத்ததில் ஏரிக்கரையில் நிஜப் பேயே வந்தது. (தொடர்கதை எழுதிய கை.) கடைசியில் நடந்ததையே எழுதுகிறேன்.

4

கெடாரில் தெரிந்தவரிடம் நம்பர் வாங்கி, பட்டியலில் முதல் ஆளான சின்னபொண்ணு வீட்டுக்கு ரோட்டோரத்திலிருந்து போன் போட்டாள் ஆர்த்தி. எடுத்தது சின்னபொண்ணேதான்.

"லிஸ்ட்ல உங்களுக்கு நேரா லேட்டுன்னு போட்டிருக்குதுங்களே?"

வந்த பதிலைக் கேட்டு ஆர்த்தி அப்படியே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். விருத்தாசலத்திடம் இனி என்ன தலைப்புச் சொல்வாள்? அதை எழுத வேண்டியது நீங்கள். ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"ஆமாம்மா, எங்க ஊரு பஸ்ஸு தெனம் லேட்டு. வேற ஆளு பொறுப்புல இருந்தா திருப்பி அனுப்பிடும். ஜெசிந்தாதான் லேட்டுன்னு எழுதிக்கினு வேலைய குடுக்குது."