இரண்டாவது தட்டு

இப்போது நான் ஓட்டுவது பொம்மை ரயில். லண்டனுக்கு அடியில் தபால் மூட்டைகள் போன பாதையில், இன்று டிக்கெட் வாங்கியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு போகிறார்கள். தலை பத்திரம் என்று நூறு முறை சொன்னாலும் இடித்துக்கொள்வார்கள். எனக்கென்ன வந்தது!

அன்று காலை கடைசிப் பெட்டியில் ஏறியவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நோரிஸ். வலது கையில் மூன்றே விரல்கள்.

"என்னடா கிளைவ், இப்ப மனுசங்களை ஏத்துறியா? மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டாவது வரும்."

"கம்முனு உக்காரு. எதுக்கு வந்தே?"

"நீ ஓட்டுறேன்னு கேள்விப்பட்டேன். பார்த்துட்டுப் போலாம்னுதான்."

முப்பது வருஷத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அது.

அந்தக் காலத்தில் வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. நடைமேடையில் நான் விசையை இழுத்தால் தானே போகும். மூட்டை ஏற்றுகிறவன் பெட்டியை ஒரு முறை தட்டினால் 'பொறு'. இரண்டு முறை தட்டினால் 'கையை எடுத்தாச்சு, அனுப்பு'. கிறிஸ்துமஸ் வாரம் அது, மூட்டைகள் மலையாய்க் கிடந்தன. ஒரு மூட்டை சிக்கிக்கொள்ள, நோரிஸ் ஒரு முறைதான் தட்டினான். நான் அவசரத்தில் இழுத்துவிட்டேன். அவனுடைய இரண்டு விரல்கள் போயின. விசாரணையில் இரண்டு தட்டுக் கேட்டதாகச் சாதித்தேன். அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வேலையில் இருந்தேன், வெட்கங்கெட்டவன்.

வண்டி அதே நடைமேடையில் நின்றது. இங்கே பதிவுசெய்த குரல் கதை சொல்லும், சுவரில் விளக்குகள் ஜாலம் காட்டும். என் மைக் ஆபத்துக்கு மட்டும்தான். எடுத்தேன்.

"நோரிஸ், அன்னைக்கு ஒரு தட்டுதான் கேட்டுச்சு. ரெண்டுன்னு பொய் சொன்னேன். தப்பு உன்னுது இல்லடா, என்னுது."

இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஓர் அம்மாள் கைதட்டினார். விளக்குகள் அணைந்தன. கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியது.

"ஏன் நிக்கிறே? எடு வண்டியை!" என்று மேலேயிருந்து ரேடியோவில் கத்தினார்கள். நான் விசையைத் தொடவில்லை.

பின்னால், கடைசிப் பெட்டித் தகரத்தில் 'டொக்' என்று ஒரு தட்டு.

ஒன்றுதான். இந்த முறை காத்திருந்தேன். மேலே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தட்டும்.

வெகுநேரம் கழித்து இரண்டாவதும் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.