கறுப்பு நூல் பக்கம்

செத்துக் கிடந்த கணவனின் கோட்டில் கழன்றிருந்த பொத்தானை, அவர் மார்மேலேயே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் சாலோமி. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள். கை தன் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

"மதினி, பெட்டி வந்துட்டு. இந்தச் சாமான எங்கன வைக்க?" என்றான் கொழுந்தன் எலியேசர்.

மதராசில் ஆகாய விமானம் பறந்த சேதியைப் பத்திரிகையில் படித்தது முதல் அவள் கணவர் வேதநாயகம் வாத்தியார் சாகும்வரை செய்துவந்த சாமான் அது. ஒரு பலகை, அதன்மேல் கைச்சக்கரத்தால் சுழலும் மரவிசிறி, விசிறிக்குப் பின்னால், தராசுக்கோல் போல ஆணியில் நின்றது பட்டுத்துணி போர்த்திய தட்டையான இறக்கை. விசிறி சுழன்றபோதெல்லாம் இறக்கை வலப்பக்கம் தாழ்ந்தது.

"உன் தையல்லதான் கோளாறு, சாலோமி. அந்தப் பக்கம் தொய்யுது," என்பார் அவர்.

அவளும் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வெள்ளை நூல் தீர்ந்துபோய், அந்தப் பக்கம் மட்டும் கறுப்பு நூல். நேற்று மூச்சு முட்டக் கிடந்தபோதும் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிப் பார்த்தார். தாழ்ந்தது. "தையல்தான்..." என்றார். அதன்பின் அவர் பேசவில்லை.

"உள்ள வைங்க தம்பி. பைய."

எலியேசர் இறக்கையைக் கழற்றி, பலகையை உள்ளறைக்குக் கொண்டுபோனான். "இதுல ஏறி கொழும்புக்குப் போவோம்லேன்னு சொல்லுவாவ அண்ணன்," என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

ஊசியை அப்படியே விட்டுவிட்டு அவளும் பின்னால் போனாள். இறக்கையை அவன் மறுபடி ஆணியில் மாட்டியிருந்தான். கறுப்பு நூல் பக்கம் இடப்பக்கம் வந்திருந்தது.

"மாத்தி வச்சிட்டீங்களே..." என்று கை நீட்டியவள், சற்று நின்றாள். பிறகு சக்கரத்தைச் சுற்றினாள்.

கறுப்பு நூல் பக்கம் மேலே எழுந்தது. வெள்ளை நூல் பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்தது இப்போதும் வலப்பக்கம்தான்.

ஒரு கையால் சுற்றியபடியே மறு உள்ளங்கையை விசிறிக்குப் பின்னால் நீட்டினாள். காற்று நேராக வரவில்லை. முறுக்கு நூல் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் கையைக் கீழிருந்து தூக்கியது. வலப்பக்கம் மேலிருந்து அமுக்கியது.

"என்ன மதினி செய்யுதிய? சனம் பாக்குது!"

"காத்துலல்லா இருக்கு தம்பி. தையல்ல இல்ல."

"எது?"

அவள் சக்கரத்தை விட்டாள். விசிறி ஓய, இறக்கை தானாகச் சமமாக நின்றது.

வேதக்கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஜெபம் செய்யப் பாதிரி ஐயர் வாசலுக்கு வந்துவிட்டார். சவப்பெட்டி மூடியோடு நின்ற ஆட்கள் அவளுக்கு வழிவிட்டார்கள்.

கோட்டில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. கடைசித் தையலைப் போட்டு முடிச்சிட்டாள். நூலைப் பல்லால் கடிக்க அவர் மார்மேல் குனிந்தாள்.

நிமிர அவளுக்கு நேரமாயிற்று.